ராஜா வந்த இரண்டு வீடுகள்

கு. அழகிரிசாமியின் (1923–1970) 'ராஜா வந்திருக்கிறார்' என்னும் சிறுகதையை ஏழைத் தாயொருத்தியின் கருணையைக் கூறும் கதையென்றே பலரும் போற்றி வந்துள்ளனர். அது பிழையன்று; ஆயினும் போதாது என்பது நம் துணிபு. பிள்ளைகள் ஒருவரையொருவர் எள்ளி நகையாடுவதற்கும் அவர்தம் இல்லங்களுக்கும் உள்ள தொடர்பை அக்கதை கண்டதுபோல் நுட்பமாகக் கண்ட கதைகள் நம் மொழியில் மிகச் சிலவே.

செல்வர் வீட்டு மகன் ராமசாமி. அவனுக்கு எதிரே செல்லையா, தம்பையா, அவர்கள் தங்கை மங்கம்மாள். 'எங்களிடம் இது இருக்கிறது, உங்களிடம் இருக்கிறதா?' என்று விளையாட்டாய்த் தொடங்கும் போட்டி, சிறிது சிறிதாக ஏளனமாகத் திரிகின்றது. இங்கே ஆசிரியர் ராமசாமியைக் கொடியவனாக்கவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். தன் வீட்டார் எவற்றை எண்ணிப் பெருமை கொள்கின்றனரோ அவற்றையே அவனும் எண்ணுகின்றான். அவன் நாவில் பேசுவது அவன் வீடு.

மறுபுறம் தாயம்மாள். தீபாவளிக்கு முந்தைய இரவில், திக்கற்ற சிறுவன் ஒருவனை, உடம்பெல்லாம் சிரங்காய் இருந்தும் அருவருக்காமல் குளிப்பாட்டி, உணவளித்துத் தன் மக்களோடு மக்களாகச் சேர்த்துக்கொள்கின்றாள். அவன் பெயரும் ராஜா. ராமசாமியின் வீட்டிற்கு அவன் அக்காள் கணவரான 'ராஜா' வந்திருக்க, எங்கள் வீட்டிற்கும் ராஜா வந்திருக்கின்றான் என்று மங்கம்மாள் சொல்லும்போது அவளிடம் வஞ்சமில்லை, தாழ்வுணர்ச்சியுமில்லை. அத்தெம்பை அவளுக்கு யார் கற்பித்தார்? ஒருவரும் உபதேசிக்கவில்லை. தாய் செய்ததை அவள் கண்டாள், அவ்வளவே.

கதையில் ஒரு குறையும் உண்டு. ஏளனம் பிறக்கும் வீட்டின் உட்புறத்தை ஆசிரியர் நமக்கு அதிகம் காட்டவில்லை. அவ்விடத்தை உளவியலார் ஓரளவு நிரப்பியுள்ளனர். நார்வே நாட்டு அறிஞர் டான் ஓல்வியஸ், தாயன்பின் குறைவும், பிள்ளையின் முரட்டுத்தனத்தைக் கண்டும் காணாதிருத்தலும், அடித்து அடக்கும் கண்டிப்பும் பிறரைத் துன்புறுத்தும் சிறுவரை உருவாக்கக் கூடும் என 1970களின் ஆய்வுகள் முதற்கொண்டே எடுத்துக்காட்டினார். வார்விக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் 2013இல் எழுபது ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, கடுமை மட்டுமன்று, அளவிறந்து பொத்திப் பொத்திக் காத்தலுங்கூடப் பிள்ளை பிறரிடம் துன்புறும் வாய்ப்போடு தொடர்புடையது எனக் கண்டனர். தாயம்மாள் இவ்விரண்டிலும் சேராதவள்.

கார்வேட்டிநகரத்தார்க்கு 'ராஜா' என்பது வெறும் கதைச்சொல்லன்று. ஜமீன் அரசர் வாழ்ந்த ஊர் அது. வேணுகோபால சுவாமி கோயிலும் கந்த புஷ்கரணியும் அவ்வூரின் பழம்பெருமையை இன்றும் சொல்லி நிற்பன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்முறை ஒழிந்தது. 'எங்கள் வீட்டில்' என்னும் பேச்சு ஒழியவில்லை. இங்கோ அதனோடு மொழியும் சேர்ந்துகொள்கின்றது. தெலுங்குப் பள்ளியில் நம் பிள்ளையின் ஒலிப்பைக் கேட்டுச் சிரிப்பார் உளர். விடுமுறைக்கு வேலூர் சென்றால் அவன் தமிழைக் கேட்டு மாமன் மக்களே சிரிக்கின்றனர். (பின்னதுதான் அவனை மிகுதியும் சுடும்.) அச்சிரிப்பைக் கேட்டு நாமும் உடன் சிரிப்பதுண்டு.

இது சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளத்தக்கதன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதி காரணமாக உடன் பயிலும் மாணவரால் துன்புறுத்தப்பட்டு வந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன், அதனைப் பள்ளியில் தெரிவித்த பின்னர், தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். தமிழக அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிகளில் சாதியடையாளக் கயிறுகளைத் தடுக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கயிற்றைப் பள்ளி அவிழ்க்கலாம். கட்டி அனுப்பும் கை வீட்டில் இருக்கின்றது.

அழகிரிசாமி 1950களில் சில ஆண்டுகள் மலேயாவில் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றியவர். பிறந்த மண்ணைவிட்டு வாழும் தமிழ்க் குடும்பங்களை அருகிருந்து கண்டவர். அவர் கதையை நம் சங்கத்து மாலை வகுப்புகளில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம். அன்று பெற்றோரும் உடனிருந்து கேட்பது நன்று.