செல்லில் தமிழ், மேக்ரோவில் கேள்விக்குறி

எக்ஸெல் செல்லில் இருக்கிற பெயரை வைத்து அதே பெயருள்ள கோப்பைத் திறக்க மேக்ரோ எழுதணும்னா, யாரைக் கேட்டாலும் ஒரே கஷாயம்தான். செல் மதிப்பை ஃபோல்டர் பாதையோடு ஒட்டு, டிர் ஃபங்ஷனிடம் கேள், காலியாக வரவில்லையென்றால் கோப்பு இருக்கிறது, ஒர்க்புக்ஸ்.ஓப்பன் போடு. ஆபீசில் நானும் பல வருஷம் இதைத்தான் எழுதினேன். ஆங்கிலப் பெயர்கள், ஒரு குறையும் தெரியல.

வீட்டில் என் மழைக் கணக்குக்கு ஊருக்கு ஒரு கோப்பு, தமிழ்ப் பெயரில். தஞ்சை கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றியதை மறந்துட்டேன். மேக்ரோ 'கோப்பு இல்லை' என்று சொல்லவே இல்லை. தொகுப்புத் தாளில் தஞ்சை வரிசையில் எண்கள் ஜம்மென்று வந்து உட்கார்ந்திருந்தன. அத்தனையும் மதுரையோடது!

விபிஏ 1993-ல் எக்ஸெல் 5-உடன் வந்தது. எக்ஸெல் 97-லேயே செல்கள் யூனிகோடுக்கு மாறிவிட்டன. டிர் மட்டும் இன்னும் பாதையைப் பழைய ஆன்சி குறியீட்டுக்கு மாற்றித்தான் தேடுகிறது. அதில் தமிழுக்கு இடமில்லை, ஒவ்வொரு குறியும் '?' ஆகிவிடும். அதோடு நின்றாலும் பரவாயில்லை. விண்டோஸ் கோப்புத் தேடலில் '?' என்றால் 'எந்த எழுத்தானாலும் சரி' என்று அர்த்தம். யூனிகோடில் தஞ்சைக்கு 5 குறிகள்: த, ஞ, புள்ளி, ச, ஐகாரக் குறி. மதுரைக்கும் 5. ஆக, டிர் தேடியது தஞ்சையை அல்ல, 5 கேள்விக்குறியை. மதுரை கிடைத்தது, 'இருக்கு' என்றது. (ஃபோல்டர் பெயரே தமிழ் என்றால் கதை தலைகீழ். இருக்கிற கோப்பும் கிடைக்காது.)

ஓப்பனைக் குறை சொல்ல முடியாது. அதற்கு யூனிகோடு புரியும், தஞ்சை இல்லைன்னு 1004 பிழை கொடுத்தது. நான் மேலே போட்டிருந்த 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' அதை விழுங்கிடுச்சு. வேரியபிளில் முந்தைய சுற்றில் திறந்த மதுரை அப்படியே இருந்தது. இது என் தப்புதான்.

இப்போ டிர் இருந்த இடத்தில் ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்டின் ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் வேரியபிளை நத்திங் ஆக்கிவிட்டுத்தான் திறக்கிறேன். கிளிக் பண்ணித் திறந்தால் போதும் என்பவர்களுக்கு மேக்ரோவே வேண்டாம், ஹைப்பர்லிங்க் ஃபார்முலா தமிழ்ப் பெயரை ஒழுங்காகவே எடுத்துக்கொள்ளும்.

பழைய தொகுப்புகளைக் கையால் சரிபார்த்துக்கிட்டு இருக்கேன். இதுவரை இன்னும் இரண்டு ஊர் மாட்டியிருக்கு.