காத்திருக்க வைப்பவர் யார்? முல்லைப்பாட்டும் விசாவும்

முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். தலைவன் திரும்பி வரும்வரை தலைவி தன் துயரை அடக்கிக்கொண்டு வீட்டில் இருப்பது. 'ஆற்றியிருத்தல்' என்று இதைப் பாராட்டுவார்கள். தமிழ் இலக்கியத்தில் காத்திருப்புக்கு இப்படி ஒரு திணையே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் திணைக்குள் காத்திருப்பவள் பெரும்பாலும் பெண். அவள் எவ்வளவு நன்றாகக் காத்திருந்தாள் என்பதுதான் அங்கே அளவுகோல். அவளைக் காத்திருக்க வைத்தவர் யார், எந்த உரிமையில் வைத்தார் என்ற கேள்வி எழுவதில்லை. அந்தக் கேள்வியோடு நாம் நன்கு அறிந்த சில பிரதிகளையும், அவற்றோடு சேர்த்துச் சில சட்டங்களையும் படித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

சட்டம் எதற்கு என்று கேட்கலாம். நான் கடலூரில் தமிழ் இலக்கியம் கற்பிக்கிறேன். என் வகுப்பில் உட்காரும் பெண்களில் பலருடைய அப்பாவோ அண்ணனோ கணவரோ சிங்கப்பூரிலோ துபாயிலோ குவைத்திலோ இருக்கிறார். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, புவனகிரிப் பக்கத்திலிருந்து வரும் மாணவிகளுக்குப் 'பொருள்வயிற் பிரிவு' என்ற தலைப்பை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களுடைய காத்திருப்பைத் தீர்மானிப்பது பருவமழை இல்லை. சம்பளச் சீட்டும் விசா விதியும்தான். ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் நேர்மையான வாசிப்பு.

முதலில் முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடி. நப்பூதனார் பாடியது. மன்னன் போருக்குப் போயிருக்கிறான். கார்காலம் வந்துவிட்டது. முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கி, நற்சொல் கேட்க ஊர்ப்புறத்தில் நிற்கிறார்கள். ஆய்மகள் ஒருத்தி குளிரில் நடுங்கியபடி, கட்டிப் போட்டிருக்கும் கன்றிடம் உன் தாய் இப்போது வந்துவிடும் என்று ஆறுதல் சொல்கிறாள். அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு வந்து அரசியிடம் சொல்கிறார்கள். அரசிக்குக் கிடைக்கும் தகவல் அவ்வளவுதான். கணவனிடமிருந்து ஒரு தூதும் இல்லை. ஒரு பசுக்கன்றுக்குச் சொன்ன வார்த்தையைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும்படி அவளிடம் சொல்கிறார்கள். அவள் கண்ணீர் நிற்கவில்லை.

அங்கிருந்து பாட்டு பாசறைக்குப் போகிறது. அங்கே காலத்தை அளந்து அறிபவர்கள் இருக்கிறார்கள். நாழிகை வட்டிலில் நீரைப் பார்த்து, இப்போது இவ்வளவு நேரம் ஆயிற்று என்று மன்னனிடம் சொல்கிறார்கள். இடையில் வாள் கட்டிய பெண்களும் அங்கே உண்டு. விளக்கு அணைய அணைய அவர்கள் ஏற்றுகிறார்கள். மன்னனுக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் அவன் நினைவில் இருப்பவை புண்பட்ட யானைகள், இறந்த வீரர்கள், நாளைய போர்.

இந்தப் பாட்டில் என்னை உறுத்துவது அந்த நாழிகை வட்டில் இருக்கும் இடம். காத்திருப்பவளுக்குத்தான் கணக்கு தேவை. ஆனால் கடிகாரம் போனவனிடம் இருக்கிறது. ஏழடுக்கு மாளிகையில் பாவை விளக்கு எரிய, கழலும் வளையைத் திருத்திக்கொண்டு, தன்னைத் தானே தேற்றிக்கொண்டு கிடக்கும் அந்தப் பெண்ணுக்கு நேரம் சொல்ல ஆள் இல்லை. பாட்டு முழுவதிலும் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசியில் குதிரைகளின் ஓசை அவள் காதை நிறைக்கிறது. பாட்டு முடிந்துவிடுகிறது. நப்பூதனார் இதையெல்லாம் பெண்ணின் பக்கம் நின்று எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு இடங்களையும் இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்ததால், அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பாட்டே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

'அந்த அம்மாவுக்கு ஒரு தேதி சொல்லியிருந்தா இவ்வளவு அழுதிருக்க மாட்டாங்க மிஸ்' என்று ஒரு மாணவி சொன்னாள். அவளுடைய கணவர் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறார். இந்தப் பாட்டுக்கு நான் கேட்ட சிறந்த உரை அது.

அவள் ஏன் கணவரோடு போகவில்லை? தொல்காப்பியம் அகத்திணையியலில் ஒரு விதி உண்டு. முந்நீர் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது அது. உரையாசிரியர்கள் இதைப் பலவாறு விளக்கினாலும், கடற்பயணம் என்ற பொருளே பரவலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இன்று அந்த விதி வேறு மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்பவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. உயர்வகை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவரும் மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் சம்பளம் வாங்கினால்தான் மனைவிக்கு அனுமதி கேட்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். கட்டடத்தில் கம்பி கட்டும் தொழிலாளியின் மனைவிக்கு விசா தாமதமாகிறது என்று சொல்லவே முடியாது. அவள் அந்த வரிசையிலேயே இல்லை. அவள் காத்திருப்பது விடுமுறைக்கு. அதிகாரியின் மனைவிக்குப் பிரிவு சில மாதம், தொழிலாளியின் மனைவிக்கு அது பல ஆண்டு. சங்கப் பாட்டில் தலைவி என்றால் ஒருத்திதான் என்பதுபோல் படித்துப் பழகிய நாம், இந்த வர்க்க வேறுபாட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பெண் தானே வேலைக்குப் போகலாமே? பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உட்படச் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்த அனுமதி பெற, பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்லப்படுகிறது. ஆபத்து உண்மையானதுதான். ஆனால் அதற்குத் தீர்வாக முதலாளியைக் கட்டுப்படுத்துவதைவிடப் பெண்ணை வீட்டில் இருத்துவது எளிதாகத் தெரிகிறது.

இதுவரை சொன்னது ஆண் போய், பெண் இருக்கும் கதை. இதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகிறது என்பதை என் தோழி ஒருத்தி மூலம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிதம்பரத்துக்காரி. கியூபா நாட்டவர் ஒருவரை மணந்துகொண்டவள். அவர் இங்கே வந்து அவளோடு வாழ வேண்டும் என்பது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. உறவினர் வீட்டு விசேஷங்களில் அவளிடம் எல்லோரும் கேட்பது 'நீ எப்போம்மா அங்க போறே?' என்றுதான். 'அவர் எப்போ வர்றார்?' என்று கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. பெண் தன் வீட்டில் தன் வேலையோடு இருந்துகொண்டு, கணவன் தன்னிடம் வந்து சேரக் காத்திருப்பதற்கு நம்மிடம் திணையும் இல்லை, துறையும் இல்லை.

சட்டத்திலும் நெடுநாள் இல்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்தியரை மணந்தவர் பதிவு மூலம் குடியுரிமை பெறலாம் என்று சொன்னபோது 'பெண்கள்' என்றே எழுதியது. இந்திய ஆணின் வெளிநாட்டு மனைவிக்கு அந்த வழி திறந்திருந்தது. இந்தியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவருக்கு இல்லை. 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 'பெண்கள்' என்பது 'நபர்கள்' என்று ஆனது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தாய்வழியாக இந்தியக் குடியுரிமை கிடைக்க 1992 டிசம்பர் வரை ஆயிற்று. பெண் என்றால் கணவன் நாட்டுக்குப் போய்விடுபவள் என்ற நம்பிக்கை, சுதந்திர இந்தியாவின் சட்டப் புத்தகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் வரிகளாகவே இருந்தது.

பிரிட்டன் இதில் ஒரு பாடம். அங்கே குடியேறி வாழ்ந்த அப்துல்அஜீஸ், கபாலெஸ், பால்கண்டாலி என்ற மூன்று பெண்கள் தங்கள் கணவர்களை உடன் வாழ அனுமதிக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆண்கள் மனைவியை அழைத்துக்கொள்ளலாம், பெண்கள் கணவனை அழைத்துக்கொள்வது கடினம் என்பது பாலினப் பாகுபாடு என்று 1985 மே மாதம் தீர்ப்பு வந்தது. அரசு என்ன செய்தது? பெண்களுக்கு வழியை எளிதாக்கவில்லை. ஆண்களுக்கும் கடினமாக்கிச் சமன் செய்தது. பிரிட்டனில் குடியேறுவது இந்தத் திருமணத்தின் முதன்மை நோக்கம் இல்லை என்று நிரூபிக்கும் சுமை அதுவரை கணவர்களுக்கு இருந்தது. இப்போது மனைவிகளுக்கும் வந்தது. 1997 வரை அந்த விதி நீடித்தது. சமத்துவம் என்ற சொல்லை மட்டும் கேட்டு வாங்கினால் இப்படியும் கொடுப்பார்கள்.

கியூபாவைச் சேர்ந்தவர்களின் திருமணங்களில் இன்னொன்றும் தெரிகிறது. அமெரிக்கா 2017இல் ஹவானா தூதரகத்தில் ஆட்களைக் குறைத்து விசா வேலையைப் பெரும்பாலும் நிறுத்தியது. அமெரிக்காவில் இருக்கும் கணவனோடோ மனைவியோடோ சேரக் குடியேற்ற விசா கேட்ட கியூபர்கள் நேர்காணலுக்கு இன்னொரு நாடான கயானாவின் ஜார்ஜ்டவுன் வரை போக வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில்தான் ஹவானாவில் முழுமையாக மீண்டும் தொடங்கியது. இரண்டு அரசுகளுக்கு இடையிலான பகையின் செலவை, விமானச் சீட்டாகவும் விடுதி வாடகையாகவும் வருடங்களாகவும் கட்டியவர்கள் குடும்பங்கள். தொல்காப்பியம் பிரிவுக்குக் காரணமாகச் சொல்லும் 'பகை' என்ற சொல்லுக்கு இதுவும் ஒரு பொருள்.

காத்திருப்பவர் காத்திருந்தால் மட்டும் போதாது. மெய்யென்று காட்டவும் வேண்டும். திருமணப் புகைப்படங்கள், செய்திப் பரிமாற்றங்கள், பயணச் சீட்டுகள் எல்லாம் சான்றுகளாகின்றன. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடந்தது சாட்சி. திருமணம் செய்துகொள்ள வந்த 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் உண்மையில் மணமாகாதவர்தானா என்று பார்க்கக் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். மணமாகாத இந்தியப் பெண் என்றால் கன்னியாகத்தான் இருப்பாள் என்பது அந்த அதிகாரிகளின் தர்க்கம். செய்தி வெளியானதும் தெற்காசியப் பெண்கள் அமைப்புகள் விமான நிலையத்திலேயே போராடின. இந்தியாவில் விசா கேட்ட பெண்களுக்கும் இதே சோதனை நடந்ததை அரசு ஆவணங்கள் பின்னர் காட்டின. நம் இலக்கியம் கற்பு என்று பாடியதை அங்கே ஓர் அலுவலகம் படிவமாக வைத்துக்கொண்டது. முல்லையின் கற்பும் குடியேற்ற அலுவலகத்தின் 'உண்மையான திருமண'மும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: நீ தகுதியானவளா?

அப்படியானால் காத்திருக்க வைப்பவரைப் பெயர் சொல்லிக் காட்டும் பிரதி தமிழில் இல்லையா? இருக்கிறது. சிதம்பரத்தில் அதைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். ஆதனூர் நந்தனுக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அவரைத் தடுப்பது சாதி என்ற பொது நிலைமை. தன் குலத்தை நினைத்துத் தானே தயங்குகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதியபோது பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார். பண்ணை முதலாளியான வேதியர். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துவிட்டுப் போ என்கிறார் அவர். அந்த ஒரு பாத்திரம் வந்ததும் கதையின் அச்சே மாறிவிடுகிறது. நந்தனின் நாளை அவனுடைய தயக்கம் என்ற நிலை போய், இன்னொருவர் கையில் இருக்கும் அனுமதி என்று ஆகிறது. கேட்பவர்களுக்குக் கோபம் வருகிறது. முல்லைப்பாட்டைப் படித்து யாருக்கும் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

நந்தன் பட்டது சாதிக் கொடுமை. விசாவுக்குக் காத்திருக்கும் மனைவியின் துயரத்தை அதற்குச் சமமாக வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பாரதியாரின் கீர்த்தனையும் கடைசியில் பெரியபுராணத்தின் முடிவுக்கே வருகிறது. தீயில் இறங்கி, பிறந்த உடம்பை விட்டு வேறு உடம்போடுதான் நந்தன் கோயிலுக்குள் போக முடிகிறது. முதலாளியைக் காட்டிய கதை, வாசலில் தீ வளர்த்தவர்களிடம் கணக்குக் கேட்காமல் கைகூப்பிவிடுகிறது. ஆனாலும் வாசிப்பு முறையாக அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. காத்திருப்பவரின் பொறுமையை அளப்பதை விட்டுவிட்டு, தடுப்பவரை மேடையில் ஏற்று.

இலக்கியம் படிக்கும் மாணவிகளுக்கு இதை ஒரு பயிற்சியாகவே சொல்லலாம். இருத்தல் பற்றிய எந்தப் பாட்டை எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடிகாரம் யாரிடம் இருக்கிறது? போவது, வருவது, இருப்பது என்ற முடிவு யாருடையது? யார் எதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது? பிறகு அதே கேள்விகளை வீட்டில் இருக்கும் பாஸ்போர்ட்டையும், விசாப் படிவத்தையும், சம்பள வரம்பையும் பார்த்துக் கேளுங்கள். 'பாவம், எவ்வளவு பொறுமை' என்று ஒரு பெண்ணைப் பாராட்ட வாய் திறக்கும்போது, அந்தப் பொறுமையால் யாருக்கு லாபம் என்றும் சேர்த்து யோசியுங்கள்.

சிதம்பரத்துத் தோழியைப் பார்க்கும்போது நான் அவள் தைரியத்தைப் பாராட்டுவதில்லை. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்கிறேன். அவளும் இப்போதெல்லாம் அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறாள்.