விரலும் கோட்டும்

கனவான் திருடன் கதைகளில் நம்மை மயக்குவது பெரும்பாலும் தையற்காரனின் திறமைதான். மோரிஸ் தூர்னர் 1915இல் எடுத்த 'ஏலியாஸ் ஜிம்மி வாலன்டைன்' என்ற மௌனப்படம் அந்த மயக்கத்தை ஒரே ஷாட்டில் கலைக்கிறது. வங்கிக் கொள்ளையைக் காமிரா, கூரையைப் பெயர்த்தெடுத்தாற்போல், உச்சியிலிருந்து பார்க்கிறது. அறைகள் தாயக்கட்டங்கள், கள்ளனும் காவலாளியும் வெறும் காய்கள். அந்த உயரத்திலிருந்து கோட்டு எதற்கு ஆகும்?

பிறகு படம் திருந்தியவனின் ஒழுக்கக் கதைக்குள் சரிந்துவிடுகிறது. மீட்பது கடைசிக் காட்சி. பெட்டக அறைக்குள் குழந்தை சிக்கிக்கொள்கிறது. ஓ. ஹென்றியின் மூலக் கதையில் (1903) வாலன்டைன் கருவிகளை எடுக்கிறான். நாடகமாக்கிய பால் ஆர்ம்ஸ்ட்ராங் கருவிகளைப் பிடுங்கிவிட்டு அவனுக்கு விரல்நுனியைக் கொடுத்தார்; படம் அவர் வழியில் போகிறது. சரியான காரியம். திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிறவர்களைப் பார்த்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பூட்டத் தெரிந்த அதே கைக்குத்தான் சாவியில்லாமல் திறக்கவும் தெரியும். துப்பறிகிறவன் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தைக்காக வாலன்டைன் அந்தக் கையைக் காட்டியே ஆகவேண்டும்.

எங்களூர் மணிப்பூட்டு சாவி திரும்பும்போது ஒலிக்கும். மௌனப்படத்துக்கு அந்த வசதி இல்லை. விரல் கேட்பதை நாம் கண்ணால் பார்க்கவேண்டியிருக்கிறது. 1928இல் எம்.ஜி.எம். இதையே பாதி பேசும் படமாக மறுபடி எடுத்தது. எதற்கோ!