மூன்றாம் அட்டவணையும் நமது சிறுகதைகளும்

சில வருடங்களாக எமது பிரதேச சாகித்திய விழாவுக்கு வரும் சிறுகதைகளை நடுவராக இருந்து வாசித்து வருகின்றேன். கிராமத்துப் பாடசாலை ஆசிரியன் ஒருவனுக்குக் கிடைக்கும் சிறு கௌரவம் அது. வயலைப் பற்றிய கதை ஒன்றாவது ஒவ்வொரு வருடமும் வரும். அக்கதையில் ஒரு வாப்பா இருப்பார். அவருக்கு ஒரு துண்டு வயல் இருக்கும். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசுவார்கள். சீதன வீடு கட்டுவதற்காக வாப்பா வயலை விற்பார் அல்லது ஈடு வைப்பார். முடிவில் வரம்பில் நின்று அழுவார். சீதனக் கொடுமையைச் சாடும் படைப்பு என்று இப்படியான கதைகளுக்குப் பரிசும் கொடுத்திருக்கின்றோம். நானும் தாராளமாகப் புள்ளி போட்டவன்தான்.

அக்கதைகளில் ஒன்றிலாவது மகள் வாய் திறந்து, 'அந்த வயலில் எனக்குப் பங்கில்லையா வாப்பா?' என்று கேட்டதாக நினைவில்லை. அப்படிக் கேட்க வைக்க எழுதியவருக்குத் தோன்றவில்லை. அவள் கேட்கவில்லையே என்பது நடுவராகிய எனக்கும் தோன்றவில்லை. இக்கட்டுரை அந்தத் தோன்றாமை பற்றியதாகும்.

இது இன்று நேற்று வந்த பழக்கமன்று. கணவன் எட்டிப் பாராத மனைவி ஊடுவதைப் போல, உரியவன் போய்ப் பாராத நிலமும் ஊடும் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் உவமை சொல்கின்றார். அழகான உவமைதான். ஆயின் அதற்குள் நிலம் பெண்ணாகவும் அதற்குரியவன் ஆணாகவும் அமர்ந்து விடுகின்றார்கள். நமது கிழக்கிலங்கை நாட்டார் கவிகளிலும் மச்சான் பரணில் காவலிருப்பான். மச்சி வீட்டிலிருந்து ஏங்குவாள். அவள் ஏக்கத்தை நாம் எத்தனையோ கட்டுரைகளில் வியந்து எழுதிவிட்டோம். அதே பெண் கதிர் பொறுக்கியதும், நெல் அவித்துக் காயவைத்ததும், அடுத்த போகத்துக்கு விதைநெல்லைப் பூச்சி படாமல் காத்ததும் நமது வியப்புக்குள் வருவது குறைவு.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். 'கிழக்கில் வீடு வளவு பெண்ணுக்குத்தானே? தாய்வழிக் குடிமுறை உள்ள சமூகத்தைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா?' என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். கல்யாணத்தின்போது வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் நமது வழமை. வசதியுள்ளோர் உறுதிக் காணியான வயலையும் மகளுக்கு எழுதினார்கள். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்ரே இவ்வழமையை விரிவாகவே எழுதியிருக்கின்றார்.

ஆனால் 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கப்பட்டு, அரச காணிகள் அனுமதிப்பத்திரத்தின் மூலம் பகிரப்பட்டபோது இன்னொரு பிரதி நம் ஊர்களுக்குள் நுழைந்தது. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதன் மூன்றாம் அட்டவணையை ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசித்துப் பார்க்கும்படி எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். காணிக்காரர் பின்னுரித்தாளரைக் குறிக்காமல் மரணித்து, வாழ்க்கைத் துணையும் இல்லாவிடின் காணி யாருக்கு என்ற வரிசை அதில் இருந்தது. மகன்மார், மகள்மார், பேரன்மார், பேத்திமார், தந்தை, தாய், சகோதரர், சகோதரி என்று அது நீண்டது. ஒவ்வொரு படியிலும் ஆண் முன்னே, பெண் பின்னே. ஒரே படிக்குள் மூத்தவர் முன்னே. வாழ்க்கைத் துணைக்குக் கிடைத்ததும் வாழ்நாள் உரிமைதான். அடுத்த உரித்தாளரைப் பெயர் குறிக்கும் அதிகாரம் அன்று அவளுக்கு இருக்கவில்லை.

காணி துண்டு துண்டாகச் சிதறக்கூடாது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதற்கு அது காரணமாகலாம். அந்த ஒருவர் ஏன் மகளாக இருக்கக்கூடாது என்பதற்கு அது காரணமாகாது.

நமக்கு இதில் இன்னும் வெட்கப்பட வேண்டிய ஒன்று உண்டு. சூறத்துன் நிஸா, பெற்றோர் விட்டுச் செல்வது சிறிதாயினும் பெரிதாயினும் அதில் பெண்களுக்குப் பங்குண்டு என்கின்றது. மகனின் பங்கில் பாதி மகளுக்கு. அந்தப் பாதியைப் பற்றி மேடைகளில் வாதாடுகின்றோம். மகன் இருந்தால் மகளுக்கு எதுவுமில்லை என்ற சட்டமோ நமது அனுமதிப்பத்திரக் காணிகளை எண்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆண்டது. அதைப் பற்றி நமது இலக்கியத்தில் ஒரு முணுமுணுப்பையும் நான் வாசித்ததில்லை.

வீடு இருந்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. வீடு நிழல் தரும். வயல்தான் பயிர்க்கடன், உர மானியம், கமக்காரர் அமைப்பில் அங்கத்துவம் ஆகியவற்றைத் தரும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் எழுந்து 'எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி வரல்ல' என்று சொல்லும் உரிமையையும் அதுவே தரும். அந்த வீடுகூட உறுதியானதன்று என்பதைக் கடல்கோள் காட்டியது. 2004 டிசம்பர் 26இல் கரையோரத்துச் சீதன வீடுகள் அழிந்தன. மாற்றுக் காணியும் வீடும் பலருக்குக் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில், அதாவது புருஷன் பெயரில் எழுதப்பட்டன. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருந்த சொத்து ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறியது. கடல்கோள் பற்றி நாம் எழுதிய கவிதைகளில் அலை இருக்கின்றது. அந்தப் படிவம் இல்லை.

1990க்குப் பின்னான நமது எழுத்துகளிலும் இதே மௌனம் உண்டு. போக முடியாமற்போன வயல்களைப் பற்றி உருக்கமாக எழுதினோம். 'எமது காணி' என்றோம். அந்த 'எமது' அவசியமான சொல். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அச்சொல்லுக்குள் எந்தெந்தப் பெயர்கள் இருந்தன என்று நாம் பிரித்துப் பார்க்கவில்லை. அனார், பஹீமா ஜஹான் போன்றோரின் வருகைக்குப் பின் பெண்ணின் குரல் நமது கவிதையில் தனித்துக் கேட்கின்றது. அடுத்து வருவோர் அக்குரலைக் காணிக் கந்தோர் வரையும் கொண்டுபோக வேண்டும்.

இனி என் கதைக்கு வருகின்றேன். பிறரின் மௌனத்தைச் சுட்டுபவன் தன்னுடையதை மறைக்கக்கூடாது.

வாப்பாவுக்குக் கல்லோயாத் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கர் அனுமதிப்பத்திரக் காணி இருந்தது. 2011இல் அவர் மௌத்தானார். உம்மா அதற்கு முன்பே போய்விட்டார். வாப்பா யாரையும் பெயர் குறித்திருக்கவில்லை. என்னைவிட ஏழு வயது மூத்தவர் ராத்தா. நான் ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் முல்லைக்காரனிடம் கணக்குக் கேட்டதும், சூடடிக்கும் நாளில் களவெட்டிக்குச் சோறு அனுப்பியதும், வாப்பாவின் மருந்துச் செலவைப் பார்த்ததும் அவர்தான். காணி என் பெயருக்கு வந்தது. நான் ஒரே மகன். கந்தோரில் ஒருவரும் ராத்தாவின் பெயரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒவ்வொரு பெரும்போகத்திலும் ராத்தாவுக்குப் பத்து மூடை நெல் அனுப்புகின்றேன். ஊரில் அதற்காக என்னை மெச்சுவார்கள். ஒருமுறை மூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ராத்தா கேட்டார்:

"தம்பி, நீ தாறது சதக்காவா, பங்கா?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பின்னுரிமையில் ஆண், பெண் என்ற வேறுபாடு நீக்கப்பட்டது. காலம் தாழ்ந்ததாயினும் நல்ல மாற்றம். ஆனால் சட்டம் மாறியதை அறியாத வாப்பாமார் எத்தனையோ பேர் நமது ஊர்களில் இருக்கின்றார்கள். அறிந்த பிறகும் என்னைப்போல் வாய் மூடியிருப்போர் அதைவிட அதிகம். அவர்களிடம் ஒரு கதை போக முடியும். வரம்பில் நின்று அழும் வாப்பாவை இனிக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுவோம். பெயர் குறிக்கும் படிவத்தின் முன்னால் பேனையோடு இருக்கும் வாப்பாவை எழுதுவோம். பக்கத்தில் நிற்கும் மகளைப் பேச விடுவோம்.

எனது காணிக்கும் பின்னுரித்தாளரைக் குறிக்க வேண்டும். படிவம் அலுமாரியில் இருக்கின்றது. எனக்கும் பிள்ளைகள் உண்டு. ராத்தாவுக்கும் மகள் உண்டு. இதுவரை நான் அதில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த சாகித்திய விழாவுக்குக் கதைகள் வருமுன் எழுதிவிட வேண்டும். இல்லாவிடின் மற்றவரின் முடிவுகளுக்குப் புள்ளி போட எனக்குத் தகுதியில்லை.