கண்ணீருக்கு முந்திய பக்கங்கள்

வளரிளம் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பது குறித்துப் பேசும்போதெல்லாம் நாம் புனித மோனிக்கம்மாளின் கண்ணீரை எடுத்துக்காட்டுகிறோம். அக்கண்ணீரை உலகிற்கு அறிவித்த நூலாகிய புனித அகுஸ்தினாரின் ‘அறிக்கைகள்’ நூலை நம்முள் முழுமையாகப் படித்தோர் சிலரே. ஏறத்தாழ 397க்கும் 400க்கும் இடையில் எழுதப்பெற்ற அந்நூலின் இரண்டாம் புத்தகம் பெற்றோரைக் கலங்கச் செய்யும்.

அங்கே அகுஸ்தினாருக்கு வயது 16. பெருஞ்செல்வரல்லாத தந்தை பத்ரீசியுஸ், மகனைக் கார்த்தேஜில் படிக்கவைக்கத் தம் சக்திக்கு மீறிப் பொருள் திரட்டுகிறார். ஊரார் அவரைப் போற்றுகின்றனர். படிப்பு தடைப்பட்டு வீட்டிலிருந்த மகனோ, தோழரோடு சேர்ந்து இரவில் பேரிக்காய்களைத் திருடிப் பன்றிகளுக்கு எறிகிறான். ஒரு சிறு திருட்டுக்கு இத்தனை பக்கங்களா என்று சிலர் வினவுவர். தனித்திருந்தால் அதைச் செய்திருக்கமாட்டான் என்பதை அகுஸ்தினார் கண்டுணரும் இடத்தில் அவ்வினாவுக்கு விடை இருக்கிறது. நட்பின் வலிமையை இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்த பழைய நூல்கள் அரியவை.

பெற்றோரைப் பற்றிய அவருடைய தீர்ப்பும் கடுமையானது. மகன் நாவன்மை பெறுவதில் தந்தைக்கிருந்த அக்கறை, அவன் கடவுள்முன் எவ்வாறு வளர்கிறான் என்பதில் இல்லை. தாய் கற்புநெறியை எடுத்துரைத்தார். ஆயினும் திருமணம் படிப்புக்குத் தடையாகுமென அஞ்சினார். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் பிள்ளைக்கு ஞாயிறு மறைக்கல்வியிலிருந்து விலக்குக் கேட்கும் நம் பெற்றோர் இப்பக்கங்களில் தம்மையே காண்பர்.

எனினும் இது குற்றப்பத்திரிகை அன்று. மூன்றாம் புத்தகத்தில், தவறான கொள்கையைத் தழுவிய மகனை உணவு மேசையிலிருந்து விலக்கிய அதே தாய், ஒரு கனவினால் தேற்றப்பட்டு அவரை மீண்டும் தம்முடன் அமர்த்துகிறார். மகனுடன் வாதிடுமாறு அவர் வேண்டிய ஆயரோ அதற்கு இசையாமல், அவனை விட்டுவிட்டு இறைவனிடம் மன்றாடும்படி கூறுகிறார். கொள்கையை ஏற்காமலே பிள்ளையை ஏற்கும் இம்மேசையில்தான் இறையருள் செயற்படும் விதத்தை நான் காண்கிறேன்.

நூலில் ஒரு குறையும் உண்டு. தந்தையின் தியாகமும் அன்பே. மகன் அதனை ஒப்புக்கொண்ட வேகத்திலேயே கடந்துவிடுகிறார்.

387இல் மிலானில் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றபோது வயது 32. ஆகஸ்டு 27ஆம் நாள் மோனிக்கம்மாளின் விழாவைக் கொண்டாடும் குடும்பங்கள், அன்று இவ்விரு புத்தகங்களையும் பிள்ளைகளோடு அமர்ந்து வாசிக்கட்டும். பெற்றோரைக் குறித்த பகுதியைப் பிள்ளைகளே உரக்கப் படிக்கட்டும்.