வள்ளியை மறந்து ஔவையைக் கும்பிடுகிறோம்

கே.பி. சுந்தராம்பாள் திரையில் ஏற்ற முக்கிய வேடங்களை ஆண்டு வரிசையில் எழுதிப் பார்க்கலாம். 1935இல் நந்தனார். 1940இல் மணிமேகலை. 1953இல் ஔவையார். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்', 1967இல் 'கந்தன் கருணை' இரண்டிலும் மறுபடி ஔவை. 1973இல் காரைக்கால் அம்மையார். அதிலும் புனிதவதியின் இளமைப் பருவத்தில் நடித்தவர் லட்சுமி, பேயுரு கொண்ட பிறகுதான் சுந்தராம்பாள் வருகிறார். ஓர் ஆண் அடியார், ஒரு பௌத்தத் துறவி, ஒரு சமணத் துறவி, முதுமையை வரமாகக் கேட்டு வாங்கிய புலவர், அழகைக் கழற்றி எறிந்த அம்மை. நாற்பதாண்டுகளுக்கு நெருங்கிய திரைவாழ்வில் அவர் நினைவில் நிற்கும் வேடங்களில் காதலிக்கிற பெண் ஒருத்திகூட இல்லை.

இந்தப் பட்டியலுக்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு விளக்கம் உண்டு. 1933இல் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தார், அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்று வெள்ளைச் சேலை உடுத்தியவர் கடைசிவரை அதைக் களையவில்லை. எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பத்திரிகைகள் ஆண்டுதோறும் இதைக் காவியக் காதல் என்று எழுதுகின்றன. வகுப்பில் நான் சொன்னாலும் மாணவிகள் கண் கலங்குகிறார்கள். கலங்கட்டும். ஆனால் கண்ணைத் துடைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

முதலில் அந்த வெள்ளைச் சேலை. இலங்கை நாடக மேடையில் 1926இல் இருவரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியபோதே கிட்டப்பாவுக்கு மணமாகியிருந்தது. அவர் செங்கோட்டைப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. சுந்தராம்பாள் கொடுமுடியிலிருந்து வறுமையோடு வந்து, சிறுமியாகவே நாடகத்தில் சேர்ந்த பெண். மேடையில் ஆடிப்பாடுகிறவளை யாருடைய மனைவியாகவும் ஊர் எளிதில் ஒப்புக்கொள்ளாத காலம் அது. மனைவி என்ற இடம் முழுதாகத் தரப்படாத ஒருத்தி, கைம்பெண் கோலத்தை மட்டும் யாரும் மறுக்க முடியாதபடி எடுத்துக்கொண்டாள் என்றே நான் இதை வாசிக்கிறேன். அதில் துக்கம் இருந்தது. தான் அவனுக்கு உரியவள் என்ற வழக்கும் இருந்தது. அந்த வழக்கில் அவர் வென்றார். இன்று கிட்டப்பா என்றால் சுந்தராம்பாள் பெயர்தான் உடன் வருகிறது. வென்றதற்கு அவர் கட்டிய விலையையும் சேர்த்தே பேச வேண்டும்.

அடுத்தது, 1933க்கு முன்னால் அவர் யாராக இருந்தார் என்பது. ஸ்பெஷல் நாடகம் என்ற வடிவத்தை இன்றைய மாணவிகளில் பலர் பார்த்ததில்லை. அதில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. கதை இருவருக்கும் தெரியும், பாட்டு தெரியும், ஒத்திகை இல்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை, எதிரில் நிற்பவர் என்ன சொல்வார் என்று தெரியாமலே பதில் சொல்லியாக வேண்டும். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனத்துக்கு வரும் ஆணோடு வள்ளி தர்க்கம் செய்கிற காட்சிக்காகவே கூட்டம் காத்திருக்கும். அந்தத் தர்க்கத்தில் தோற்கும் நடிகைக்கு அடுத்த ஊரில் அழைப்பு இருக்காது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலும், உடனுக்குடன் வாய் கொடுக்கும் புத்தியும் அந்தப் பெண்ணின் தொழில்முதல். சுந்தராம்பாள் கற்றது இந்தப் பள்ளியில்தான்.

நான் இருக்கும் திருத்தணி, முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை; வள்ளியை மணந்த இடம் என்றும் தலபுராணம் சொல்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு முன்னும் பின்னும் தெருவெல்லாம் காவடி, கம்பத்தில் கட்டிய குழாயெல்லாம் சுந்தராம்பாள் குரல். வீட்டில் தெலுங்கு பேசும் என் மாணவிகளுக்கும் அந்தக் குரல் பாடம். எல்லை ஊர்க்காரி என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஔவையார்' படத்தை ஜெமினி நிறுவனம் 1953 ஆகஸ்டில் வெளியிட்டது. அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற போராட்டத்துக்குப் பின் 1960இல்தான் இந்தப் பக்கம் வந்தது. தமிழுக்கு ஒரு முகம் தேவைப்பட்ட அந்த நாட்களில் திரையில் கிடைத்த முகம் திருநீறு பூசிய, கோலூன்றிய ஒரு கிழவியுடையது. அந்தக் கிழவியாக நடித்தவருக்கு அப்போது நாற்பத்தைந்து நிறையவில்லை. இதை எழுதும் எனக்கும் ஏறக்குறைய அதே வயது.

குழாயில் ஒலிப்பது ஔவையின் குரல் என்றே எங்கள் ஊர் நம்புகிறது. என் காதில் விழுவது வள்ளியின் குரல். 'கந்தன் கருணை'யில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அந்தப் படத்தில் வள்ளி இளம் ஜெயலலிதா. பழைய மேடை வள்ளி ஔவையாக நின்று, முருகன் கேட்கக் கேட்க, அரியது எது, பெரியது எது என்று ஒவ்வொன்றாகப் பாடி விடை சொல்கிறார். கேள்வி முடிந்த இடத்திலேயே சுருதி பிசகாமல் பிடித்து, ஒரு சொல்லை நிறுத்தி, அடுத்ததை மேலே தூக்கிப் போடுகிற அந்த முறை பக்தியிலிருந்து மட்டும் வந்ததல்ல. தினைப்புனத்துத் தர்க்கத்தில் பழகிய வாய் அது. வேடம் மாறியிருக்கிறது, வித்தை அதேதான்.

வெளியுலகத்தோடும் அவர் தர்க்கம் செய்தார். 'நந்தனார்' படத்துக்குக் கேட்டவர்களைத் தட்டிக்கழிக்க ஒரு லட்சம் ரூபாய் சொன்னதாகவும், அவர்கள் அதற்கும் ஒப்புக்கொண்டதாகவும் சொல்வார்கள். எந்த எண்ணத்தில் கேட்டிருந்தாலும், 1935இல் அந்தத் தொகையை ஒரு பெண் தன் உழைப்புக்கு விலையாகச் சொல்லி வாங்கினாள். படத்தை விமர்சித்த கல்கி, அதில் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாகக் கேலி செய்தார். அந்தக் கேலியை நாம் இன்றும் ரசித்துச் சொல்கிறோம். ஆண் வேடத்தில், அதுவும் ஒடுக்கப்பட்ட சாதி அடியாராக, ஒரு நடிகை நின்றதைப் பற்றிப் பேச அதே அளவு ஆர்வம் காட்டுவதில்லை. சத்தியமூர்த்தியின் அழைப்பில் காங்கிரஸ் மேடைகளில் பாடி, 1951இல் சென்னை சட்ட மேலவைக்குள் போனார். இந்தியத் திரையுலகிலிருந்து சட்டமன்ற அவை ஒன்றுக்குள் நுழைந்த முதல் ஆள் என்று குறிப்பிடப்படுபவர் ஒரு பெண் என்பதை, நடிகர்களின் அரசியல் பற்றி வாய் ஓயாமல் பேசும் இந்த மாநிலம் எத்தனை முறை நினைக்கிறது?

'பூம்புகார்' பற்றி வழங்கிவரும் செய்தி ஒன்று உண்டு. தெய்வம் எங்கே போனது என்று கேட்கும் பாட்டு வரியைப் பாட அவர் மறுத்தார்; வசனம் எழுதிய கருணாநிதி அதை மாற்றித் தந்தார். அவருடைய நம்பிக்கையை நான் பகிரவில்லை. அந்தக் கேள்வியை ஒரு பெண் குரல் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் தன் வாயில் எந்தச் சொல் வரலாம் என்று தானே முடிவு செய்த நடிகைகள் நம்மிடம் எத்தனை பேர்?

பெண்ணியவாதிகளில் சிலர் அவரை ஒதுக்கிவிடுவதை அறிவேன். கைம்மையைப் புனிதமாக்கியவர், அவரை முன்மாதிரியாக வைத்தால் நம் பெண்களுக்குத் தீங்கு என்பது அவர்கள் வாதம். வெள்ளைச் சேலையை முன்மாதிரியாக வைத்தால் தீங்குதான். இருபத்தைந்து வயதில் ஒருத்தி ஆசையைக் கட்டி வைத்த பிறகுதான் இச்சமூகம் அவளை 'அம்மா' என்று அழைத்தது என்பதை மறைத்துவிட்டு அவரைப் போற்ற என்னால் முடியாது. 1970இல் பத்மஸ்ரீயும், 'துணைவன்' படப் பாடல்களுக்காகத் தேசிய விருதும் வந்தன. அவை தகுதிக்கு வந்தவை. ஆனால் அந்தக் கட்டு இல்லாமல் இருந்திருந்தால் அவ்வளவு மரியாதை வந்திருக்குமா?

விடை வேண்டுமானால் வள்ளியாகவே நின்றுவிட்ட பெண்களைப் பார்க்கலாம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. அந்த நடிகைகளோடு பழகி சூசன் சைசர் என்ற ஆய்வாளர் எழுதிய நூல் 2005இல் வந்தது. விடியவிடிய மேடையில் நிற்கும் பெண், பகலில் தெருவில் தன்னை நடிகை என்று அடையாளம் தெரியாமல் மறைத்துக்கொண்டு வீடு சேர வேண்டியிருப்பதை அதில் படிக்கலாம். அவளும் சுந்தராம்பாள் கற்ற அதே தொழிலைத்தான் செய்கிறாள். ஔவைக்குக் கற்பூரம் காட்டும் ஊர், வள்ளியின் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

சுந்தராம்பாளின் பங்கு என்ன என்று தேர்வில் கேட்டால், பக்தி இசை என்று எழுதி மாணவிகள் மதிப்பெண் வாங்கலாம். அது பிழையில்லை, பாதி. இருபது வயதுக்குள் இரவு முழுக்க ஆண்களோடு மேடையில் வாதாடிச் சம்பாதித்த பெண் ஒருத்தி மீதிப் பாதியில் இருக்கிறாள். அவளையும் எழுதுங்கள். அவள் இல்லாமல் அந்த ஔவை இல்லை.