பக்கவிளைவு இல்லாத சிகிச்சையா?

செஞ்சி வட்டத்தில் தொண்டூர் போன்ற ஓர் ஊரில், மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளைக்கு வைத்தியம் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. பாட்டி வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவார். அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. ஆட்டிசம் என்று சொல்லி, ஸ்பீச் தெரபிக்கு விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ போகச் சொல்வார்கள். செஞ்சியிலிருந்து விழுப்புரமே சுமார் 40 கிலோமீட்டர். கூலியை விட்டுவிட்டு வாரம் இரண்டு நாள் பிள்ளையோடு பஸ் ஏற எத்தனை தாய்மார்களால் முடியும்? "இது மருந்தில் தீராது" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடும் இடத்தைவிட, "ஆறே மாதத்தில் பேச வைக்கிறேன்" என்பவரின் வாசலில் கூட்டம் சேர்கிறது. அந்தப் பெற்றோரை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம்.

மாற்று வைத்தியத்தின் உண்மையான பலமும் இங்கேதான் இருக்கிறது. வர்மம் பார்ப்பவரும் தைலம் தேய்ப்பவரும் பிள்ளையைத் தொடுகிறார்கள், தாயின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளை எண்ணெய் தேய்த்த அன்று தூங்கினால், அது அந்த வீட்டுக்கே நிம்மதி. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பிள்ளை அமைதியாவது வேறு, ஆட்டிசம் தீர்வது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதற்குப் பணம் வாங்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

"எங்கள் பிள்ளை தேறியதைக் கண்ணால் பார்த்தோமே" என்று பெற்றோர் சொல்வது பொய்யல்ல. செக்ரெட்டின் என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டால் ஆட்டிசப் பிள்ளைகள் பேசுகிறார்கள் என்று 1998-இல் அமெரிக்காவில் ஒரு பரபரப்பு எழுந்தது. மறு ஆண்டே 60 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அந்த ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. நான்கு வாரத்தில் இரண்டு பிரிவிலுமே முன்னேற்றம் தெரிந்தது. ஊசிக்கென்று தனிப் பலன் எதுவும் இல்லை. பிள்ளைகள் எப்படியும் வளர்கிறார்கள், நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருகின்றன, எதிர்பார்ப்போடு பார்க்கும் கண்ணுக்குச் சின்ன மாற்றமும் பெரிதாகப் படுகிறது. முடிவைச் சொன்ன பிறகும் நூற்றுக்கு 69 பெற்றோர் அதே ஊசியில் ஆர்வம் இழக்கவில்லை. நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேர்விடும் என்பதால்தான் தொடங்கும் முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது.

"பக்கவிளைவே கிடையாது" என்ற வாக்குக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். உடம்புக்கு வெளியே செய்வதையும் உள்ளே செலுத்துவதையும் ஒன்றாகப் பேசக் கூடாது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சித்த மருத்துவத்தின் பற்பங்களிலும் செந்தூரங்களிலும் பலவற்றுக்கு உலோகங்களே மூலப்பொருள். முறைப்படி சுத்தி செய்தால் நஞ்சு நீங்கும் என்பது மரபின் வாதம். கையில் கொடுக்கும் பொட்டலத்தில் அது முறையாக நடந்ததா என்று காட்ட ஆய்வுக்கூடச் சான்று இல்லையென்றால், வளரும் மூளைக்கு அதைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதில் ஐயமே இல்லை.

இதற்கு நேர் எதிராக, உடம்பிலிருக்கும் பாதரசத்தை வெளியேற்றுகிறோம் என்று 'கீலேஷன்' செய்பவர்களும் உண்டு. ஆட்டிசத்துக்குப் பாதரசம் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2005-இல் பென்சில்வேனியாவில் அந்தச் சிகிச்சையின்போது ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்றுபோனது.

ஆபத்து கிராமத்து வைத்தியரிடம் மட்டும் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். இடுப்பெலும்பு மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து பிரித்த செல்களை முதுகுத்தண்டு நீரில் செலுத்தும் ஸ்டெம் செல் சிகிச்சையை, குளிரூட்டிய அறைகளில், எம்.பி.பி.எஸ். படித்தவர்களே லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு விற்றார்கள். அமெரிக்காவில் 180 பிள்ளைகளுக்கு ஸ்டெம் செல்கள் அடங்கிய தொப்புள்கொடி ரத்தம் ஏற்றிப் பார்த்த ஆய்வு, 2020-இல், முக்கிய நோக்கத்தில் பலன் இல்லை என்றே முடிந்தது. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைப்பதும் விளம்பரப்படுத்துவதும் தொழில்முறைத் தவறு என்றது. அதற்குள் நிலத்தை அடமானம் வைத்த குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது?

பணத்தைவிடப் பெரிய இழப்பு காலம். மொழியும் பழக்கமும் வேகமாகப் படியும் முதல் ஐந்தாறு வருடங்களில், பத்தியத்திலும் மண்டலக் கணக்கிலும் ஒன்றரை வருடம் போனால் அது திரும்பாது. தைலம் தேய்க்கட்டும், கோயிலுக்கும் போகட்டும். "தெரபியை நிறுத்து, இரண்டும் ஒத்துவராது" என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

மாற்று எது என்று பெற்றோர் கேட்பார்கள். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குடும்பங்களோடு நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத பணியாளர்களே பயிற்சி பெற்று, பிள்ளையின் குறிப்பறிந்து எப்படிப் பதில் கொடுப்பது என்று பெற்றோருக்குச் சொல்லித் தந்தார்கள். பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. அது குணமாக்கல் அல்ல, யாரும் அப்படிச் சொல்லவுமில்லை. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை தொண்டூர் அங்கன்வாடிக்கு அனுப்ப அரசால் முடியும். பஸ் செலவும் கூலி இழப்பும் இல்லாத அந்த ஒரு மணி நேரம் கிடைத்தால், ஆறு மாத வாக்குறுதிக்காக வரிசையில் நிற்கும் பெற்றோரில் பலர் அந்த வரிசைக்கே போகமாட்டார்கள்.